பல சங்கங்கள் சேர்ந்து ஒரு மகஜர்: பினாங்கில் இளைஞர்களுக்காக அரசாங்கக் கதவைத் தட்டப் போகிறவர்களுக்கு

எங்கள் முதல் மகஜர், அதாவது கோரிக்கை மனு, பதினொரு பக்கம். வழவழப்பான அட்டை, அதில் ஒன்பது சங்கங்களின் சின்னங்கள், உள்ளே பதினான்கு கோரிக்கைகள். அதை வாங்கிக்கொண்ட அதிகாரி நின்றபடியே புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் எங்கள் அலுவலகம் செய்யக்கூடியது எது?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஐந்து பேர் போயிருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பதினொரு பக்கத்துக்கு ஏழு மாதம் கூட்டம் போட்டிருந்தோம். இரண்டாவது முறை ஒரே கோரிக்கை, இரண்டே பக்கம், நான்கு மாதத்தில் வேலை முடிந்தது. இடையில் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஒரு சின்ன இளைஞர் மன்றத்தின் செயலாளர், அவ்வளவுதான்.

எங்கள் விஷயம் இது. பிறை, பட்டர்வொர்த் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு மாலை நேரத் திவெட் (தொழில்நுட்ப, தொழிற்பயிற்சி) வகுப்பில் சேர்கிறார்கள், இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். உட்கார்ந்து பேசிப் பார்த்தால், பகலில் பகுதி நேர வேலையில் கிடைப்பதில் பாதி, இரவு வீடு திரும்பக் கிராப் வாடகைக் கார் பிடிப்பதிலேயே போய்விடுகிறது.

1. முதலில் யாருடைய கதவு என்று கண்டுபிடியுங்கள்

இதில்தான் நாங்கள் விழுந்தோம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மலேசியாவில் எந்த விஷயம் யார் கையில் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணையில் இருக்கிறது. கல்வி, தொழிலாளர் விவகாரம், சாலைப் போக்குவரத்து எல்லாம் மத்திய அரசாங்கத்துக்கு. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு. மூன்றாவதாக இரண்டு அரசாங்கங்களுக்கும் பொதுவான பட்டியல் ஒன்று உண்டு. சமூக நலன், உபகாரச் சம்பளம், பெண்கள் குழந்தைகள் இளையோர் பாதுகாப்பு ஆகியவை அதில் வருகின்றன. இந்தப் பொதுப் பட்டியலை யாரும் எங்களுக்கு முதலிலேயே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஏழு மாதம் மிச்சம்.

நாங்கள் முதலில் கேட்டது "இரவு பத்து மணிக்குப் பேருந்து விடுங்கள்" என்று, அதுவும் மாநில அரசாங்கத்திடம். பேருந்து ஓட்டும் நிறுவனம் ரேபிட் பினாங்கு, பெயரில் பினாங்கு இருக்கிறதே என்று நினைத்தோம். அது பிரசாரானா என்ற பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் துணை நிறுவனம், பிரசாரானா நிதி அமைச்சுக்குச் சொந்தம், தீபகற்பத்தில் பேருந்து உரிமம் பார்ப்பது போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள அபாட் என்ற தரைப் பொதுப் போக்குவரத்து முகமை. ஆக மாநில அரசாங்க அலுவலகங்கள் உள்ள கொம்தார் கட்டடத்தில் படியேறிப் பயனில்லை. அப்புறம் கோரிக்கையைத் திருப்பிப் போட்டோம். பேருந்தை விட்டுவிட்டு, "மாலை வகுப்பு மாணவருக்கு மாதப் பயண உதவித்தொகை கொடுங்கள்" என்று கேட்டோம். உதவித்தொகை என்றால் மாநிலத்தாலும் கொடுக்க முடியும், சட்டமன்ற உறுப்பினர் தன் தொகுதி ஒதுக்கீட்டிலிருந்தும் கொடுக்க முடியும். பிரச்சினை அதேதான், கேட்கிற இடம்தான் மாறியது.

திவெட் சம்பந்தமாகப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். நிலையங்கள் எல்லாம் ஒரே அமைச்சின் கீழ் இல்லை. ஐஎல்பி என்ற தொழிற்பயிற்சிக் கழகம் மனிதவள அமைச்சு, தொழிற்கல்லூரி கல்வி அமைச்சு, போலிடெக்னிக்கும் சமூகக் கல்லூரியும் உயர்கல்வி அமைச்சு, இளைஞர் திறன் பயிற்சிக் கழகங்கள் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சு. உங்கள் பிள்ளைகள் எந்த நிலையத்தில் படிக்கிறார்கள் என்று பெயர் பெயராக எழுதி, பக்கத்தில் அமைச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலில் மூன்று அமைச்சுகள் வந்தன.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே சட்டமன்றம் கிடையாது. 11 நாடாளுமன்றத் தொகுதிகள், மாநகர் மன்றம், கூட்டரசுப் பிரதேசத்துக்குப் பொறுப்பான அமைச்சர், அவ்வளவுதான் கதவுகள். படிகள் குறைவு என்று சந்தோஷப்படலாம், ஆனால் பினாங்கில் ஒருவர் முடியாது என்றால் இன்னொருவரிடம் போக வழி இருக்கிறது, அங்கே அது குறைவு.

2. ஒரு கோரிக்கை போதும்

பதினான்கு எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? ஒன்பது சங்கங்கள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு சேர்த்தது. மறுத்தால் மனம் நோகும் என்று யாரும் மறுக்கவில்லை. மற்றக் கோரிக்கைகளைத் தனித்தாளில் எழுதி, அடுத்த ஆண்டுக்கு என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் மனக்குறை வராது.

வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த இயக்கத்தைப் பாருங்கள். பெயரிலேயே கோரிக்கை இருந்தது, உண்டி 18 (உண்டி என்றால் மலாயில் வாக்கு). 2019 ஜூலையில் மக்களவையில் 211 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அரசாங்கக் கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் எல்லாரிடமும் போனதால் வந்தது அது. நீங்களும் ஒரே கட்சிக்காரர் சேவை மையத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள்.

3. சேருகிற சங்கங்களின் தாள்களைப் பாருங்கள்

கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள். ஒவ்வொரு சங்கத்திடமும் வாங்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ் நகல், கடைசியாக அனுப்பிய ஆண்டு அறிக்கையின் நகல், இப்போதைய செயலவைப் பட்டியல், இந்த மகஜரில் சேர ஒப்புக்கொண்டு செயலவை எடுத்த தீர்மானத்தின் கூட்டக் குறிப்பு.

பொதுச் சங்கங்கள் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவகமான ஆர்ஓஎஸ்ஸில் பதிந்திருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டு அறிக்கை போயிருக்க வேண்டும். இளைஞர் மன்றங்கள் பல 2007ஆம் ஆண்டு 668ஆவது சட்டத்தின் கீழ் இளைஞர் அமைப்புப் பதிவகத்தில் இருக்கும். இரண்டும் வேறு வேறு அலுவலகம், ஒன்றின் தாளை இன்னொன்றில் தேடாதீர்கள். 668இல் 2019ல் செய்த திருத்தம் இளைஞரின் உச்ச வயதை 40இலிருந்து 30க்கு இறக்கியது. முப்பத்தெட்டு வயதுத் தலைவர் கையெழுத்துப் போட்ட இளைஞர் மகஜரை யாராவது தூக்கிக் காட்டிப் பேசினால் உங்கள் கோரிக்கையை விட்டுவிட்டு அதைத்தான் பேசுவார்கள்.

கூட்டக் குறிப்பை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், எங்களோடு சேர்ந்த ஒரு சங்கத்தில் தலைவர் தாமாகவே கையெழுத்துப் போட்டுவிட்டார். மகஜர் போன பிறகு செயலவை கூடி, "எங்களைக் கேட்காமல் எப்படி" என்று விலகல் கடிதம் அனுப்பியது, எங்களுக்கு இல்லை, மகஜர் போன அலுவலகத்துக்கே.

பல்கலைக்கழக மாணவர் கழகங்கள் சேர விரும்பினால் முதலில் அவர்களுடைய மாணவர் விவகாரப் பிரிவில் அனுமதி கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அனுமதி தாமதமானால் அவர்கள் கணக்கெடுப்பு வேலையில் உதவட்டும், கையெழுத்து வேண்டாம். வேலையில் அவர்கள்தான் கெட்டி.

4. கூட்டணிக்கு என்று தனிப்பெயர், தனி வங்கிக் கணக்கு வேண்டாம்

பெயர் வைக்கத்தான் முதலில் எல்லாருக்கும் ஆசை வரும். பொறுங்கள். சங்கச் சட்டத்தின் விளக்கப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால், தற்காலிகமாக இருந்தாலும், அது சங்கம். பதிவில்லாமல் தலைவர், பொருளாளர், சந்தா என்று நடத்தினால் கேள்வி வரும். தூய்மையான தேர்தல் கேட்டுப் போராடிய பெர்சே 2.0 கூட்டணியை 2011ல் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்தார்கள், அந்த அறிவிப்பை 2012ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்றம் வரை போகிற தெம்பு நமக்கு இல்லை.

உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக, நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதியலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பதிவுக் கட்டணமே 3000 ரிங்கிட். அப்படியே விட்டுவிட்டோம்.

நாங்கள் செய்தது: பதிவு சுத்தமாக உள்ள ஒரு சங்கத்தை ஏற்பாட்டுச் சங்கமாக வைத்தோம். கடிதம் அதன் தலைப்புத்தாளில், பணம் அதன் கணக்கில், மற்றவர்கள் உடன் கையெழுத்திடும் சங்கங்கள். ஒரு பக்க உடன்பாடு எழுதினோம். யார் பேசுவார்கள், யாருக்கு மகஜரைத் திருத்த உரிமை, பத்திரிகைக்கு யார், விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, மிச்சப் பணம் என்ன ஆகும், இவ்வளவுதான். உடன்பாட்டுக்கு முத்திரை வரி 10 ரிங்கிட், கையெழுத்தான 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள். பத்து ரிங்கிட்டுக்கு இவ்வளவு நிம்மதி வேறெங்கும் கிடைக்காது.

5. கணக்கு எடுங்கள், ஆனால் அடையாள அட்டை எண் வாங்காதீர்கள்

மாநிலப் புள்ளிவிவரம், வேலையின்மை, வருமானம் எல்லாம் புள்ளிவிவர இலாகாவின் ஓப்பன் டோசம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பினாங்கில் இன்னொரு வசதி, 2015 முதல் நடப்பில் உள்ள மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம். மாநில இலாகாவிடம் உள்ள தகவலைப் பாரம் நிரப்பி, கட்டணம் கட்டிக் கேட்கலாம். மத்திய அலுவலகங்களுக்கு அது செல்லாது. நினைவிருக்கட்டும், "இளைஞர் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் வராது, எந்த ஆண்டு, எந்தத் திட்டம், எந்த மாவட்டம் என்று குறிப்பிடுங்கள்.

அதைவிட முக்கியம் நீங்களே எடுக்கிற கணக்கு. நாங்கள் 64 பேரிடம் ஐந்தே கேள்விகள் கேட்டோம்: எங்கே படிக்கிறாய், வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, எப்படி வீடு போகிறாய், மாதம் எவ்வளவு செலவு, நிறுத்தியிருந்தால் எப்போது. முதல் முறை பாரத்தில் அடையாள அட்டை எண்ணையும் வாங்கி, அதைப் படம் எடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டோம். அந்தக் குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர்! ஒரு பிள்ளையின் அம்மா ஃபோன் செய்து திட்டினார், திட்ட வேண்டியதுதான். பெயருக்குப் பதில் எண் கொடுங்கள், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள், பாரங்கள் ஒருவர் வீட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

6. எழுதுவது, அப்புறம் அந்தச் சின்னச் சண்டை

மகஜர் மலாய் மொழியில் இருக்கட்டும். அரசாங்கக் கடிதப் போக்குவரத்துக்கு அதுதான் மொழி. நம் மக்களுக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் தனியாகப் போடலாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் பத்தியிலேயே யார், என்ன, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று வந்துவிட வேண்டும். எங்களுடையதில் "40 மாணவருக்கு, மாதம் 80 ரிங்கிட், ஆறு மாதம், மொத்தம் 19,200 ரிங்கிட்" என்று மூன்றாவது வரியில் இருந்தது. தொகை எழுதக் கூச்சப்படாதீர்கள், அதிகாரிக்கு மேலிடத்தில் காட்ட ஓர் எண் வேண்டும்.

சங்கப் பெயர் சான்றிதழில் உள்ளபடி மலாயில். இங்கேதான் வேடிக்கை. யார் பெயர் முதலில் என்று பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் கடையில் மூன்று மணி நேரம் வாக்குவாதம். மூத்த சங்கம் முதலில் என்றார் ஒருவர், உறுப்பினர் அதிகம் உள்ளது முதலில் என்றார் இன்னொருவர், தே தாரிக் மூன்றாவது சுற்று வந்துவிட்டது. கடைசியில் அகரவரிசை என்று முடிவு. தமிழ்ப் பெயர்ப்படி 'அ'வில் தொடங்கும் சங்கத்துக்கு ஒரே மகிழ்ச்சி. மறுநாள் மலாய்ப் பெயர்களைத் தட்டச்சு செய்தால் எட்டுச் சங்கங்கள் பெர்சத்துவான், பெர்துபுஹான் என்று 'ப'வில் நிற்கின்றன, ஒரே ஒரு பந்து விளையாட்டுக் கிளப் மட்டும் 'கெலாப்'. ஆக இளைஞர் கல்வி மகஜரில் முதல் பெயர் கால்பந்துக் கிளப். யாரும் வாயைத் திறக்கவில்லை. சின்னங்களை அடியோடு எடுத்துவிட்டோம்.

7. கொடுக்கப் போகும்போது

முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு நான்கைந்து பேர் போனால் போதும். இரண்டு பிரதி எடுத்துப்போய், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை, தேதி, வாங்கியவர் பெயர் மூன்றையும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். முத்திரை இல்லாத மகஜர் கொடுக்காததற்குச் சமம், பிறகு எவ்வளவு சொன்னாலும் நிரூபிக்க முடியாது.

பதாகை பிடித்து அறுபது பேர் போக வேண்டும் என்று நினைத்தால் அது பேரணி. 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி மாவட்டக் காவல்துறைத் தலைவருக்கு 5 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். இளைஞர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது: அந்தச் சட்டத்தில் ஏற்பாட்டாளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளை வாக்குப் போடலாம், தேர்தலில் நிற்கலாம், பேரணிப் பாரத்தில் ஏற்பாட்டாளராகப் பெயர் போட முடியாது.

8. எந்த மாதம் தொடங்குவது

மத்திய வரவு செலவுத் திட்டம் அக்டோபரில் தாக்கலாகிறது. அதற்கு அக்டோபரில் மகஜர் கொடுப்பது கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகை வைப்பது போல. ஆண்டின் நடுவில் நிதி அமைச்சு மக்கள் கருத்துக் கேட்கும்போதே உங்கள் இரண்டு பக்கம் போய்ச் சேர வேண்டும். மாநிலத்தின் திட்டம் பெரும்பாலும் ஆண்டுக் கடைசி அமர்வில் வருகிறது, ஆகவே ஜூலைக்குள் கொடுத்துவிடுங்கள், அமர்வுக்கு முன் உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்து இதைக் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள். பினாங்கில் 40 சட்டமன்றத் தொகுதிகள், உங்கள் ஒன்பது சங்கங்கள் எத்தனை தொகுதியில் பரவியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், அத்தனை கேள்விகள். நோன்பு மாதம், பெருநாள் வாரங்கள், தீபாவளி இவற்றைத் தவிர்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

9. செலவு

முதல் முறை வழவழப்பான அட்டைக்கே 410 ரிங்கிட் போனது, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது முறை: அச்சும் நகலும் 38, முத்திரை வரி 10, கணக்கெடுப்பு நாளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு 120, புத்ராஜெயாவுக்கு ஒரு காரில் போய்வர பெட்ரோல், டோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 290. ஒரு சங்கத்துக்கு ஐம்பது ரிங்கிட்டுக்குச் சற்று மேல். எல்லா ரசீதையும் ஏற்பாட்டுச் சங்கப் பொருளாளரிடம் கொடுத்து, கணக்கைப் புலனத்தில் போடுங்கள். இதைத்தான் போட வேண்டும், அடையாள அட்டையை இல்லை.

10. கொடுத்த பிறகு

இரண்டு வாரம் கழித்து ஒரே ஆள், ஒரே எண்ணிலிருந்து ஃபோன் செய்யட்டும். ஒன்பது சங்கத்துக்காரரும் தனித்தனியாகக் கூப்பிட்டால் அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். கடிதத்தின் ருஜுக்கான் (மேற்கோள்) எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "நடவடிக்கையில் உள்ளது" என்று பதில் வந்தால் யாருடைய மேசையில் என்று மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

எங்களுக்கு மாநிலத்தின் முடிவு இன்னும் வரவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் மட்டும் தன் ஒதுக்கீட்டிலிருந்து 22 பேருக்கு ஆறு மாதம் கொடுக்க ஒப்புக்கொண்டார், மாதாமாதம் வருகைப் பதிவேட்டைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கால்பந்துக் கிளப் செயலாளர்தான் வெள்ளிக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வருகிறார். நீங்கள் மகஜர் கொடுப்பதற்கு முன்பே பயிற்சி நிலையத்திடம் வருகைப் பதிவேட்டின் நகல் தருவதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்துவிடுங்கள். நாங்கள் வாங்காததால் முதல் மாத 80 ரிங்கிட் பிள்ளைகள் கைக்கு வர மூன்று வாரம் தாமதம், அதற்குள் இரண்டு பேர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தியைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டோம், இன்னொருவனை இந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.